பஸ் நின்ற இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களுக்கு எந்த மடக்கு மின்சார சைக்கிள் சரிப்படும்?

தருமபுரியிலிருந்து பென்னாகரத்துக்கோ அரூருக்கோ, ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கோ போக பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கஷ்டம் அங்கே இறங்கிய பின்தான். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு நாளொன்றுக்குச் சில நடைகள்தான் பஸ். காலை நடையைத் தவறவிட்ட ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும், தெரிந்தவர் எவராவது டிவிஎஸ் எக்ஸெல்லில் வரமாட்டாரா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பஸ்ஸில் மடித்து ஏற்றி, இறங்கியதும் விரித்து ஓட்டிப் போகிற மின்சார சைக்கிள் இவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் கடையில் நிற்கும் மடக்கு வண்டிகளில் பல, மாநகரத்து லிஃப்டையும் மெட்ரோ ரயிலையும் மனத்தில் வைத்துச் செய்தவை. அதே வண்டியைத் தீர்த்தமலைக்கோ ஒகேனக்கலுக்கோ கொண்டுபோனால் வேறு கேள்விகள் எழும்.

முதல் கேள்வி எடை. வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரைத் தூக்கியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். காலி சிலிண்டர் சுமார் 15, 16 கிலோ. நிறைந்த சிலிண்டர் 30 கிலோவை ஒட்டும். 16 கிலோ சைக்கிளைத் தூக்கி பஸ் படியேறுவது காலி சிலிண்டரோடு ஏறுவது மாதிரி. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்போதும் முடியும். நாலு அங்குல அகல டயரும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனும் போட்ட மடக்கு வண்டிகள் 25 கிலோவைத் தாண்டும். அவை மடங்கும் என்பது உண்மைதான், ஆனால் காரின் டிக்கிக்காக மடங்குபவை. டவுன் பஸ்ஸில் தினமும் ஏற்ற நினைப்பவர் அவற்றை வாங்க வேண்டாம்.

எடை குறைய வேண்டும் என்றதும் பலர் செய்கிற தவறு, பேட்டரியைக் குறைப்பது. 12, 13 கிலோ என்று விளம்பரம் செய்யப்படும் வண்டிகளில் பெரும்பாலும் 200 வாட்-மணியை ஒட்டிய சின்ன பேட்டரிதான் இருக்கும். (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவே வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி: 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360.) இதில் உள்ள பிழையை ஒரு கணக்கு காட்டிவிடும். 70 கிலோ ஆள், 17 கிலோ வண்டி, 8 கிலோ பை, மொத்தம் 95 கிலோ. இந்தப் பாரத்தை 300 மீட்டர் உயரம் ஏற்ற 78 வாட்-மணி ஆற்றல் வேண்டும். வண்டியில் 5 கிலோவைக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாவது 4 வாட்-மணி. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 6 அல்லது 7. அது ஒரு கிலோமீட்டர் ஓடவும் போதாது. ஆக, 5 கிலோ கைக்குத்தான் பெரிய விஷயம், மலைக்கு அது பொருட்டே இல்லை. 360 வாட்-மணி பேட்டரியின் எடை சுமார் இரண்டரை கிலோ. அதைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டால் கையில் தூக்க வேண்டியது அந்த அளவுக்குக் குறைந்துவிடும். எடையைக் குறைக்க வேண்டிய இடங்கள் வேறு: முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், அதிர்வு தாங்கும் கவை), அகல டயர், கனமான ஸ்டாண்டு, தேவையில்லாத பின் ஷாக். மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒன்றரை, இரண்டு கிலோ கூட்டும். ஒரு வருடத்தில் ஆடத் தொடங்கும். இரண்டு அங்குல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் அதே வேலை நடந்துவிடும்.

எனவே தேட வேண்டியது பேட்டரியோடு 16 முதல் 18 கிலோ, 350 வாட்-மணிக்குக் குறையாத பேட்டரி, அதுவும் சாவி போட்டு நொடியில் கழற்றக்கூடியது. பேட்டரி இருக்கும் இடத்தையும் பாருங்கள். நடுக் குழாய்க்குள் செருகும் மாதிரிகளில், வண்டியை மடித்தால்தான் பேட்டரியை உருவ முடியும். சார்ஜ் போட வண்டியை ஒவ்வொரு முறையும் மடிக்க வேண்டும் என்பது மூன்றாம் நாளே சலித்துவிடும். சீட் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற பேட்டரி இந்த விஷயத்தில் நல்லது.

சின்னச் சக்கரமும் மலையேற்றமும்

20 அங்குலச் சக்கரம் மலையேறாது என்று சொல்பவர்கள் உண்டு. ஹப் மோட்டார் வண்டியில் நிலைமை நேர்மாறு. சக்கர மையத்தில் உட்கார்ந்திருக்கும் மோட்டாரின் முறுக்குவிசை 35 நியூட்டன்-மீட்டர் என்றால், 28 அங்குலச் சக்கரத்தில் அது தரையைத் தள்ளும் விசை சுமார் பத்தரை கிலோ. அதே மோட்டார் 20 அங்குலச் சக்கரத்தில் 14 கிலோ தள்ளும். 95 கிலோ பாரத்தை 6 சதவீதச் சரிவில் ஏற்ற ஆறரை கிலோ தள்ளு வேண்டும், 10 சதவீதத்தில் பத்தரை கிலோ. பெரிய சக்கரம் திணறும் இடத்தில் சின்னது நகர்ந்துவிடும். 16 அங்குலம் இன்னும் நன்றாக ஏறும், இன்னும் சிறியதாக மடியும். ஆனால் ஜல்லி பெயர்ந்த பஞ்சாயத்துச் சாலையில் ஒவ்வொரு குழியிலும் அது இறங்கி ஏறும்; மணிக்கட்டு தாங்காது. நம் சாலைகளுக்கு 20 அங்குலமே நடுநிலை.

ஹப் மோட்டாரில் இரண்டு வகை. உள்ளே பல்சக்கரம் உள்ளது இரண்டு முதல் மூன்று கிலோ. மின்சாரம் இல்லாதபோது இழுவை இல்லாமல் உருளும். பல்சக்கரம் இல்லாதது அதைவிட இரண்டு மடங்கு கனம், பேட்டரி தீர்ந்தால் மிதிக்கவும் கனக்கும். முதல் வகையையே வாங்க வேண்டும், அதன் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு. அந்தப் பல்சக்கரங்கள் பெரும்பாலும் நைலான். ஏற்றத்தில் மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் முறுக்கி, வேகம் 7, 8 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால், மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். சூட்டில் நைலான் இளகும், பல் தேயும். கரகரவென்ற சத்தமும், மோட்டார் சுற்றியும் சக்கரம் நகராமல் நழுவுவதும் அதன் அடையாளம். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைகிறதென்றால் கியரைக் குறைத்து மிதிக்க வேண்டும். ஹப்பைத் தொட்டுக் கை வைக்க முடியாத சூடு இருந்தால் இருபது நிமிடம் நிழலில் நிறுத்துங்கள்.

கியரைக் குறைக்க முதலில் கியர் இருக்க வேண்டும். ஒற்றை கியர் மடக்கு வண்டிகள் இலேசானவை, ஆனால் மலைக்கு ஆகாதவை. முன்னால் 52 பல், பின்னால் 16 பல் என்றால் நிமிடத்துக்கு 60 மிதி (பெடலின் முழுச் சுற்று) மிதிக்கும்போது வேகம் 18 கிலோமீட்டர். மலையில் வேகம் 8 ஆனால் மிதி 27 ஆகிவிடும். அது மிதிப்பதல்ல, பெடலின் மேல் ஏறி நிற்பது. பின்னால் 28 பல் உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் இருந்தால் அதே 60 மிதியில் 10 கிலோமீட்டர் வேகம் வரும், கால் ஓய்வாகச் சுற்றும். பெடலில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் பேட்டரி கணிசமாக மிஞ்சும். மலிவு வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருக்கும். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது அது அரைச் சுற்று தாமதித்தே உதவிக்கு வரும். அந்த வண்டியில் த்ராட்டிலும் இருப்பது அவசியம்.

ஒகேனக்கல் கணக்கு

விளம்பரத்தில் போடும் தூரத்தை நம்பிப் புறப்படக் கூடாது. அது பெரும்பாலும் இலேசான ஆள், சமதளம், மிகக் குறைந்த உதவி நிலை என்று வைத்து எடுத்த எண். வாட்-மணியை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பினால் சமதளத்தில் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட்-மணி போகும். மிதமாக மிதித்தால் அதில் பாதி.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை 30, பிறகு காட்டு வழியாகக் காவிரிக்கு இறங்கும் 16. போகும்போது மிதித்துக்கொண்டே போனால் பென்னாகரம் வரை 150 வாட்-மணி, இறக்கத்தில் 20. திரும்பும்போது அந்த 16 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் என்று கொண்டால், மிதிக்காமல் 180 வாட்-மணி, அதாவது பேட்டரியில் பாதி. சரிபாதி உழைப்பைக் கால் கொடுத்தால் 90 முதல் 100. மீதி 30 கிலோமீட்டருக்கு 130. மொத்தம் 400. கையில் இருப்பது 360. ஒகேனக்கலில் மீன் சாப்பாட்டுக்கு உட்காரும் இரண்டு மணி நேரத்தில் 2 ஆம்பியர் சார்ஜர் 140 வாட்-மணிக்குக் குறையாமல் ஏற்றிவிடும். பயணம் நிம்மதியாக முடியும். இல்லையென்றால் பென்னாகரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வண்டியை விரிப்பது இன்னும் உசிதம்.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி கால்வாசி இருக்கிறது என்று திரை காட்டும்போது மலையேறத் தொடங்கினால், பாதியில் மோட்டார் சட்டென்று நின்றுவிடும். முழுதாக ஏறிய 36 வோல்ட் பேட்டரியில் 42 வோல்ட் இருக்கும். 31 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் கன்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி) இணைப்பைத் துண்டித்துவிடும். ஏற்றத்தில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட்டேஜ் தற்காலிகமாகச் சரியும். கால்வாசிச் சார்ஜில் அந்தச் சரிவு எல்லையைத் தொட்டுவிடும். சற்று நின்றால் மீண்டும் உயிர் வரும், மறுபடி ஏறினால் மறுபடி நிற்கும். அதனால் கடைசிக் கால் பங்கைச் சமதளத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். மலையடிவாரத்தில் 60 சதவீதமாவது இருக்கட்டும்.

போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் ஸ்கூட்டர், கார்களுக்கான வேகச் சார்ஜிங் இணைப்புகள் இந்தச் சைக்கிளுக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது சாதாரண வீட்டுப் பிளக்தான். டீக்கடையிலோ பள்ளிக்கூடத்திலோ கேட்கத் தயங்க வேண்டாம். சார்ஜர் இழுப்பது 100 வாட் அளவு, மின்விசிறி ஒன்றைவிடச் சற்று அதிகம். முழு பேட்டரிக்கும் அரை யூனிட் கூட ஆகாது. சார்ஜரின் பின்னால் ‘100-240 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மாலையில் மோட்டார் பம்புகள் ஓடும் ஊர்களில் மின்னழுத்தம் இறங்கும். குறுகிய வரம்புச் சார்ஜர் அப்போது ஏற்றாமல் நின்றுவிடும். மலையேறி வந்த சூட்டோடு பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் அரை மணி நேரம் ஆறவிட்டே போட வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் தேயும்.

மூலைக் கடையில் கிடைக்கிற உதிரிகள்

வெளியூர்ப் பயணத்தில் ஒரு வண்டியின் தகுதியை அதன் உதிரிகள் தீர்மானிக்கும். 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு ரிம் அளவுகள் உண்டு: 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் இன்னொன்றுக்கு ஏறாது. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ சைக்கிள் கடையில் தொங்கும் சிறுவர் சைக்கிள் டயர், 20 × 1.75 அல்லது 20 × 2.125, அது 406. டயரின் பக்கவாட்டில் ‘47-406’ போன்ற எண் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 16 அங்குலத்திலும் இதே குழப்பம்: சிறுவர் சைக்கிள் 305; பிராம்டன் போன்ற வெளிநாட்டு மடக்கு சைக்கிள் 349, அதற்கு இங்கே டியூப் தேடி அலைய வேண்டும்.

வால்வு மோட்டார் சைக்கிள் வால்வாக இருக்கட்டும். எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். இந்தப் பக்கத்தில் டயரைக் கிழிப்பது கண்ணாடியைவிட முள். வேலியோரச் சீமைக்கருவேல முள் மெல்லிய டயரை நேராகத் துளைத்துப் போகும். உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் சற்றுக் கனம் என்றாலும் வாங்கத் தக்கது. பின் சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. 18 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும், வயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும், அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷரை அதே முகத்தில் திரும்ப மாட்ட வேண்டும். வாஷர் தவறினால் மோட்டார் அச்சு சுழன்று வயரை அறுத்துவிடும். பெரும்பாலான பஞ்சருக்குக் கழற்றவே தேவையில்லை. வண்டியைக் கவிழ்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, ஓட்டையுள்ள டியூப் பகுதியை வெளியே இழுத்து அங்கேயே ஒட்டிவிடலாம்.

பிரேக் இரண்டு பக்கமும் கேபிளால் இயங்கும் டிஸ்க், 160 மில்லிமீட்டர் தட்டு. எண்ணெய் பிரேக் பிடிப்பில் மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரூரில் குழாய் கசிந்தால் காற்றெடுத்துத் தர ஆள் தேட வேண்டும். கேபிளை எந்தக் கடையிலும் மாற்றுவார்கள். ரிம் பிரேக் சின்னச் சக்கரத்தில் நீண்ட இறக்கத்துக்கு ஏற்றதல்ல: ரிம் சீக்கிரம் சூடேறும். இறங்கும்போது ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே போகாமல், அழுத்திக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். பல்சக்கர ஹப் மோட்டார் இறக்கத்தில் பேட்டரிக்கு எதையும் திருப்பித் தராது, வேகத்தையும் தடுக்காது.

ஃப்ரேம் பெரும்பாலும் அலுமினியம். இலேசு, துருப்பிடிக்காது. ஆனால் கீல் பக்கத்தில் விரிசல் விட்டால் ஊர் வெல்டிங் பட்டறையில் ஒட்ட முடியாது. ஆர்கான் வெல்டிங் உள்ள நகரப் பட்டறைக்குப் போக வேண்டும், ஒட்டினாலும் பழைய பலம் வராது. இரும்புக் குழாய் ஃப்ரேம் இரண்டு கிலோ கூடும், எங்கும் ஒட்டலாம். தினமும் கரடுமுரடுச் சாலையில் 90 கிலோவுக்கு மேற்பட்டவர் ஓட்டுவதென்றால் இரும்புக்கே என் வாக்கு. எந்த ஃப்ரேமானாலும் வெல்டிங் வைக்கும்முன் பேட்டரியையும் கன்ட்ரோலர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

மடக்கு வண்டியில் உயிர்நிலை அதன் கீல்கள்: நடுக் குழாயில் ஒன்று, ஹேண்டில்பார் கம்பத்தின் அடியில் ஒன்று. கடையில் முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். புது வண்டியிலேயே டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கிளாம்ப் தானாகத் திறக்காதபடி இரண்டாவது பூட்டு ஒன்று இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கீல் ஆணியைத் துடைத்து, கிளாம்ப் மூடும்போது உள்ளங்கையில் அழுத்தம் தெரிகிற அளவுக்குத் திருகைச் சரிசெய்யுங்கள். மூடும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கிரீச் சத்தம் வரும், நாளடைவில் அந்த முகம் தேய்ந்துவிடும்.

பஸ்ஸிலும் ரயிலிலும்

வண்டியைப் படுக்க வைக்கும்போது கியர் உள்ள வலப்பக்கம் மேலே இருக்க வேண்டும். ஹப் மோட்டாரின் வயரும் பெரும்பாலும் வலப்பக்க அச்சு முனையிலிருந்துதான் வெளியே வரும். டிக்கியில் ஒரு மூட்டை அதன் மேல் விழுந்தால் வண்டி முடங்கிவிடும். பழைய டியூப்பை வெட்டி அந்த முனையைச் சுற்றிக் கட்டிவையுங்கள். டிஸ்க் தட்டு இருக்கும் பக்கமாக எதுவும் சாயவிடாதீர்கள், லேசாக வளைந்தாலும் உரசிக்கொண்டே இருக்கும். பேட்டரி எப்போதும் உங்கள் கையோடு. ஒரு துணி உறையும் வேண்டும். சங்கிலி எண்ணெய் பக்கத்து ஆளின் வேட்டியில் படாவிட்டால் கண்டக்டரும் மறுப்பு சொல்லமாட்டார்.

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை. ஆனால் சேலம்–பெங்களூரு பாதையில் தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, ஓசூர் எல்லாம் நிலையங்கள். அரூர் பக்கம் போகிறவர்களுக்கு மொரப்பூர் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் ஸ்லீப்பரில் 40 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம், ஆக எடை பிரச்சினையில்லை. பருமன்தான் இடிக்கும்: பெட்டிக்குள் அனுமதி 100 × 60 × 25 சென்டிமீட்டர், மடித்த 20 அங்குல வண்டியின் தடிமன் 35, 40 வரும். கூட்டமான வண்டியில் கேட்டால் பிரேக் வேனில் (ரயிலின் சரக்குப் பெட்டியில்) போட வேண்டியிருக்கும். விமானத்தில் வருகிறவர்கள் பேட்டரியைக் கொண்டுவரவே முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை.

தொப்பூர் கணவாயிலும் கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையிலும் இந்த வண்டியை ஓட்டாதீர்கள். லாரிகளுக்கு நடுவே 25 கிலோமீட்டர் வேகச் சைக்கிளுக்கு இடமில்லை. அந்தத் துண்டுகளைக் கடக்கத்தானே வண்டி மடிகிறது.

சட்டம் சுருக்கமானது: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால் பதிவெண்ணும் உரிமமும் தேவையில்லை. 500 வாட், 750 வாட் என்று இணையத்தில் விற்கும் வண்டிகள் இந்த விலக்குக்குள் வராது. பதிவு செய்யாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடும் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாகக் காட்டுச் சாலை. பென்னாகரம்–ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டி, அஞ்செட்டி–ஒகேனக்கல் சாலைகள் யானை நடமாடும் காட்டின் ஊடே போகின்றன. காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் இந்தப் பக்கத்தில்தான். மின்சார சைக்கிளுக்குச் சத்தமில்லை. மோட்டார் சைக்கிள் வருவதை யானை தூரத்திலேயே கேட்டு விலகும் அல்லது நிற்கும். நீங்கள் வளைவில் திரும்பும்வரை நீங்கள் வருவது அதற்குத் தெரியாது. காலை எட்டுக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் அங்கே ஓட்ட வேண்டாம், அந்த நேரத்தில் மடித்து பஸ் ஏறுங்கள். பகலிலும் கண் தெரியாத வளைவுக்கு முன் மணியடியுங்கள். சாலையில் ஈரமான சாணமோ புதிதாக ஒடித்த மூங்கிலோ கிடந்தால் நின்று, பின்னால் வரும் பஸ்ஸையோ லாரியையோ முன்னே விட்டுத் தொடருங்கள். யானைக் கூட்டம் கடந்துவிட்டது என்று தோன்றினாலும் உடனே நகராதீர்கள். பின்தங்கிய குட்டியும் அதன் தாயும் புதருக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கக்கூடும்.